பொரியாத முட்டையை உடைத்துப் பார்த்தபோது

முட்டை விற்றவர் பல்லடம் பக்கத்துக்காரர். விசைத்தறி ஓட்டுகிறார். வீட்டுக்குப் பின்னால் சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி ரகத்தில் எட்டுப் பெட்டைகளும் ஒரு சேவலும் வைத்திருக்கிறார். வாங்கியவர் கோவில்பட்டிப் பக்கத்து இளைஞர். தெர்மாகோல் பெட்டியில் தானே செய்த இன்குபேட்டரில் முட்டை பொரிக்கப் பழகிக்கொண்டிருந்தார். இருவரையும் எனக்குத் தெரியும் என்பதால் சண்டை என்னிடம் வந்தது.

வாங்கியவர் பக்கம்: "அண்ணா, அனுப்பினதுல பாதி கூமுட்டை." விற்றவர் பக்கம்: "அதே முட்டைய எங்க அடைக்கோழி பன்னெண்டுல பத்துப் பொரிச்சிருக்குதுங்க. அவரு மெஷின்லதான் கோளாறு."

கொல்லைப்புறக் கோழி வியாபாரத்தில் இந்தச் சண்டை புதிதல்ல. வழக்கமாக ஒருவர் மற்றவர் எண்ணை பிளாக் செய்வதோடு முடிந்துவிடும். இங்கே இருவருமே கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்கள், வாங்கியவர் ஒரு முட்டையையும் எறியவில்லை. அதனால் கணக்கைக் கடைசிவரை பார்க்க முடிந்தது.

அனுப்பிய விதம்

ஆர்டர் 30 முட்டை. வழியில் உடைந்தால் ஈடுகட்ட 2 கூடுதலாக வைத்து 32 அனுப்பினார். மாதம் ஏப்ரல். பேக்கிங்கில் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. காகித அட்டைத் தட்டில், அகன்ற முனை மேலே இருக்கும்படி முட்டைகளை வைத்து, இடைவெளியில் உமி நிரப்பி, அதை இன்னொரு பெட்டிக்குள் இறக்கி, நான்கு பக்கமும் வைக்கோல் திணித்திருந்தார். முட்டைகளைக் கழுவவில்லை, ஈரத்துணியால் துடைக்கவும் இல்லை. இது முக்கியம். முட்டை ஓட்டின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று இயற்கையாகவே இருக்கிறது. கழுவினால் அது போய்விடும், ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியே கிருமி உள்ளே நுழையும். இன்குபேட்டரில் பாதி நாளில் 'பட்'டென்று வெடித்து நாறுகிற முட்டைகளில் நிறைய இப்படிப் பளபளவென்று கழுவி அனுப்பியவைதான்.

வெள்ளிக்கிழமை மாலை பார்சல் போனது. நடுவில் ஞாயிறு விழுந்ததால் திங்களன்றுதான் கைக்குக் கிடைத்தது. அந்த இரண்டரை நாள் பெட்டி எங்கே இருந்தது, தகரக் கூரையின் கீழா, வண்டியின் அடிவயிற்றிலா என்பது யாருக்கும் தெரியாது. இரண்டு முட்டை விரிசல். மீதி 30 இன்குபேட்டருக்குள் போயின.

போகும் முன் அவற்றை ஒரு நாளாவது கூர்முனை கீழே இருக்கும்படி அசையாமல் வைத்திருக்க வேண்டும். முட்டையின் அகன்ற முனையில் ஒரு காற்றறை உண்டு. வண்டிக் குலுக்கலில் அதன் சவ்வு ஓட்டை விட்டுக் கழன்று, காற்றுக்குமிழி பக்கவாட்டில் சரிந்துவிடும். டார்ச் அடித்துப் பார்த்தால் தண்ணீர்மட்டக் குழாயில் ஓடும் குமிழி மாதிரி அசையும். ஒரு நாள் நிற்கவிட்டால் பல முட்டைகளில் ஓரளவு நிலைபெறும். வாங்கிய தம்பிக்கு இது தெரியாது, விற்றவரும் சொல்லவில்லை. பார்சலைப் பிரித்த ஒரு மணி நேரத்தில் முட்டைகள் சூட்டில் இருந்தன.

ஏழாம் நாள்

ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் அடித்தபோது 11 முட்டைகள் வெறுமையாகத் தெரிந்தன. சிலந்தி வலை போல ரத்த நரம்பு ஓட வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அன்றுதான் முதல் போன். எறிய வேண்டாம், இப்போதே ஒவ்வொன்றாக வெள்ளைத் தட்டில் உடைத்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு என்றேன். டார்ச்சில் வெறுமையாகத் தெரிவதெல்லாம் கரு இல்லாத முட்டை என்று பெரும்பாலானோர் முடிவு கட்டிவிடுகிறார்கள். உடைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கரு கூடாத முட்டையில் மஞ்சள் கருவின் மேல் சின்னதாக, அடர்த்தியாக, ஓரம் ஒழுங்கில்லாத ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் இருக்கும். கரு கூடி, ஓரிரு நாளில் செத்ததென்றால் அந்த இடம் காசு அளவுக்குப் பரவி, பால்நிறத்தில் படலமாகத் தெரியும். இன்னும் இரண்டு நாள் தாண்டிச் செத்ததில் ரத்த வளையம் இருக்கும்.

படங்களைப் பார்த்தேன். 11ல் கரு கூடாதது 3. ரத்த வளையம் 3. மீதி 5 பால்படலம், அதாவது சேவல் தன் வேலையைச் செய்திருக்கிறது, கரு தொடங்கியிருக்கிறது, எங்கோ நின்றுவிட்டது. தம்பி 'கூமுட்டை' என்று சொன்ன 11ல் விற்றவரின் சேவல் மேல் பழி போடக்கூடியவை மூன்றுதான். ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டை, கோடைச் சூடு என்றெல்லாம் பார்த்தால் 30க்கு மூன்று என்பது நல்ல கணக்கு.

அந்த ஐந்துதான் எனக்கு இடறியது. இன்குபேட்டர் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் முதல் இரண்டு நாளிலேயே இத்தனை கரு நிற்பது அரிது. முட்டை உள்ளே போகும்போதே கரு பலவீனமாக இருந்திருக்க வேண்டும்.

இருபத்திரண்டாம் நாள்

பொரிப்பு இருபதாம் நாள் விடியலிலேயே தொடங்கிவிட்டது. மொத்தம் 8 குஞ்சு. சிலவற்றுக்குத் தொப்புள் சரியாக மூடவில்லை. முன்கூட்டிப் பொரிப்பதும் தொப்புள் மூடாததும் சேர்ந்து வந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம்.

மிச்சம் 11 முட்டைகளையும் உடைக்கச் சொன்னேன். இரண்டு நடுவழியில் செத்து அழுகியவை. மூன்று, ஓட்டைக் கொத்தித் துளை போட்டபின் சவ்வு காய்ந்து ஒட்டிக்கொண்டு, திரும்ப முடியாமல் செத்தவை. ஆறு, முழுசாக வளர்ந்து ஓட்டைத் தொடாமலேயே போனவை. அந்த ஆறிலும் காற்றறை சாய்ந்திருந்தது. குஞ்சு பொரியுமுன் தலையைத் தூக்கிக் காற்றறைச் சவ்வைக் குத்தி, முதல் மூச்சை அங்கிருந்துதான் எடுக்கும். காற்றறை வேறு பக்கம் சரிந்திருந்தால் அலகு போகிற இடத்தில் காற்று இருக்காது.

அப்புறம் இன்குபேட்டர் பக்கம் வந்தோம். சூட்டைக் கட்டுப்படுத்துகிற கண்ட்ரோலரில் 37.8 டிகிரி செல்சியஸ் என்று காட்டுகிறது. விசிறி உள்ள இன்குபேட்டருக்கு 37.5 முதல் 37.8 வரை சரியான அளவு. ஆனால் சென்சார் முட்டை மட்டத்தில் இல்லை, விசிறிக் காற்று நேராக அடிக்கிற மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை முட்டைகளுக்கு நடுவே வைத்துப் பார்க்கச் சொன்னேன். 38.6. நம் உடல் சூட்டுக்கென்றே செய்த கருவி என்பதால் இந்த அளவில் அதை நம்பலாம். மெர்க்குரி தெர்மாமீட்டர் என்றால் ஒருமுறை ஏறியது தானாக இறங்காது, ஒவ்வொரு முறையும் உதறிவிட்டு வைக்க வேண்டும்.

ஈரப்பதத்திலும் சிக்கல். முதல் 18 நாள் 50 முதல் 55 சதவீதம் போதும், கடைசி மூன்று நாள் 65க்கு மேல் வேண்டும். கோவில்பட்டிக் கரிசல் காட்டில் ஏப்ரல் மாதக் காற்று எவ்வளவு வறண்டது என்று அந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டு, முதல் குஞ்சு வந்த சந்தோஷத்தில் மூடியை அடிக்கடி திறந்து பார்த்திருக்கிறார். வீட்டில் உள்ள குழந்தைகளுக்கெல்லாம் காட்டினாராம். ஒட்டிக்கொண்டு செத்த மூன்றும் அந்த நேரத்தில்தான்.

'அதே முட்டை' இல்லை

இதுவரை பார்த்தால் விற்றவர் சொன்னதுதான் சரி என்று படும். மெஷினில் சூடு அதிகம், ஈரம் குறைவு, அங்கே பத்து, இங்கே எட்டு. ஆனால் பால்படலம் படிந்த அந்த ஐந்து முட்டை கணக்கில் உட்காரவில்லை.

விற்றவரிடம் கேட்டேன்: "அடைக்கு வச்சது எந்த முட்டைங்க?"

"அடைக்குப் புது முட்டைதானுங்க வைப்போம். அந்த வாரத்து முட்டை."

"அவருக்கு அனுப்புனது?"

கொஞ்சம் யோசித்தார். "அதுக்கு முந்தி சேத்து வச்சது."

எட்டுப் பெட்டை என்றால் எட்டும் ஒரே சமயத்தில் முட்டையிடாது. ஒன்று அடையில் படுத்திருக்கும், ஒன்று குஞ்சோடு மேயும், ஒன்று இறகு உதிர்த்துக்கொண்டு சும்மா திரியும். நாலைந்துதான் இடும், அதுவும் தினமும் அல்ல. 32 முட்டை சேர இரண்டு வாரத்துக்கு நெருக்கமாக ஆகியிருக்கிறது. கடைக்காரர் பழைய சரக்கை முதலில் தள்ளிவிடுவது போல, சேர்த்து வைத்திருந்ததை ஆர்டருக்கு அனுப்பிவிட்டு, புதியதை அடைக்கு வைத்திருக்கிறார். ஏமாற்று எண்ணம் எதுவும் இல்லை. அடைக்குப் புது முட்டை என்பது அவர் அம்மா காலத்து வழக்கம், விற்பனைக்குப் பழையது முதலில் என்பது சந்தை வழக்கம். இரண்டும் ஒரே கொல்லையில் சந்தித்தபோது வாங்கியவருக்குப் போனது கிழட்டு முட்டை.

அடைமுட்டைக்கு ஒரு வாரம் வரை பெரிய நஷ்டம் இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் பொரிப்பு குறையும். அதுவும் 15 முதல் 18 டிகிரியில் வைத்திருந்தால்தான் இந்தக் கணக்கு. சுமார் 20 டிகிரிக்குக் கீழேதான் கரு அசையாமல் உறங்கும். பல்லடத்தில் ஏப்ரல் மாதம் ஆஸ்பெஸ்டாஸ் வீட்டின் உள்ளறை 34, 35 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் கரு பாதி விழித்து, வளர்வதா வேண்டாமா என்று தெரியாமல் தேய்ந்துகொண்டே இருக்கும். அதன் பிறகு இரண்டரை நாள் பார்சல். இன்குபேட்டருக்குள் போனபோது சில முட்டைகளில் மிஞ்சியிருந்தது ஓரிரு நாள் ஓட்டத்துக்கான தெம்பு மட்டுமே. அந்த ஐந்தின் கதை இதுதான் என்பது என் முடிவு.

என் கணக்கில் பழி இப்படிப் பிரிகிறது. 3 கரு கூடாதவை யார் மேலும் குற்றமில்லை. 5 முட்டை விற்றவரின் அலமாரியில் தொடங்கி வண்டியில் முடிந்தது. ரத்த வளையம் மூன்றும் ஒட்டிக்கொண்ட மூன்றும் தம்பியின் பெட்டியில். காற்றறை சாய்ந்த ஆறு குலுக்கலாலும், வந்தவுடன் ஓய்வு கொடுக்காததாலும். அழுகிய இரண்டை யார் தலையில் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தவறு நடந்துவிட்டது. எட்டுப் பெட்டை வைத்திருப்பவர் 30 முட்டைக்கு ஆர்டர் எடுத்தார். ஒரு வாரத்தில் விழுகிற முட்டைதான் அவர் விற்கக்கூடிய அளவு. வாங்குகிறவர் கேட்கும் எண்ணிக்கைக்குச் சரி என்று சொன்ன நிமிடத்திலேயே முட்டை பழசாகத் தொடங்கிவிட்டது. பெரிய ஹேச்சரியில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் முட்டை விழும், குளிரறை இருக்கும். அங்கிருந்து வந்த 'முப்பது, ஐம்பது, நூறு' என்ற பேச்சை நம் கொல்லைக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்து பொழுதுபோக்காக முட்டை விற்கிறவர்களில் பாதிப்பேரின் கெட்ட பெயர் இங்கிருந்துதான் வருகிறது.

தீர்வு எளிதாகவே முடிந்தது. பாதிப் பணத்துக்குப் பதில் ஆடி பிறந்ததும் ஒரு டஜன் புது முட்டை. விற்றவர் இப்போது ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதி எழுதுகிறார். ஈரமணலில் புதைத்த மண்பானைக்குள் வைத்து, மேலே ஈரத்துணி கட்டுகிறார். அந்தப் பக்கத்து வறண்ட காற்றுக்கு இது நன்றாகக் குளிரும். கடலோர ஊர்களில் புழுக்கத்தில் அவ்வளவு பலன் இருக்காது. பார்சல் திங்கள் அல்லது செவ்வாய் மட்டும். கோடை முழுக்க முட்டை அனுப்புவதில்லை.

முட்டைக்குப் பதில் குஞ்சு

அப்படியானால் கோடையில்? ஒருநாள் குஞ்சாக அனுப்பலாமே என்றார் விற்றவர். அதிலும் ஒரு கணக்கு உண்டு.

பொரியும் முன் மிச்ச மஞ்சள் கருவைக் குஞ்சு வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அதை வைத்து இரண்டு மூன்று நாள் தீனி தண்ணீர் இல்லாமல் தாங்கும். அடையில் முதல் குஞ்சு வந்து கடைசிக் குஞ்சு வரும்வரை தாய் எழாமல் படுத்திருக்க வேண்டுமே, அதற்கான ஏற்பாடு இது. அமெரிக்காவில் 1918 முதல் தபாலிலேயே குஞ்சு அனுப்புகிறார்கள் என்றால் அதற்கு அடிப்படை இந்த 72 மணி நேரம்தான். நம் நாட்டிலும் விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான 1978ஆம் ஆண்டு விதிகளில் 2001ல் கோழிகளுக்கும் ஒரு பகுதி சேர்த்தார்கள். பொரித்த உடனே அனுப்ப வேண்டும், பெட்டியில் தேக்கி வைக்கக் கூடாது, வழியில் தீனி தண்ணீர் கொடுக்கக் கூடாது, வெயில் மழை படக் கூடாது, பெட்டி சாயாமல் மட்டமாக இருக்க வேண்டும், மேலே வேறு சாமான் அடுக்கக் கூடாது. எல்லாம் அனுபவசாலி ஒருவர் சொல்வது போலவே இருக்கும்.

72 மணி நேரம் என்பது மிதமான சூட்டில். 2025ல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஒரு தபால் மையத்தில் சுமார் 12,000 குஞ்சுகள் லாரியிலேயே மூன்று நாள் மறந்து விடப்பட்டன. ஏறக்குறைய 4,000 செத்தன. நம் ஊர் மே மாதத்தில், பேருந்தின் அடியில் சாமான் வைக்கிற பெட்டிக்குள், ஒரு பகலே அதிகம்.

அதனால் பல்லடத்துக்காரர் இரவுப் பேருந்தில், டிரைவர் கேபின் பக்கம் வைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறவர்களிடம் மட்டும் கொடுக்கிறார். பெட்டிக்குள் வழவழப்பான செய்தித்தாள் விரிப்பதில்லை. வழுக்கி, கால் இரண்டு பக்கமும் விரிந்து ஊனமாகிவிடும். சாக்குத் துணிதான். அட்டையில் பக்கவாட்டிலும் துளை, மேலேயும் துளை, உள்ளே தடுப்பு. தடுப்பில்லாவிட்டால் பிரேக் போடும்போது எல்லாம் ஒரு மூலைக்குச் சரிந்து அடியில் இருப்பது நசுங்கும். வாங்குகிறவர் விடிகாலை நிறுத்தத்தில் காத்திருக்க வேண்டும், வர முடியாதென்றால் ஆர்டர் கிடையாது. கையில் வாங்கியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்து, ஒவ்வொன்றின் அலகையும் அதில் தொட்டுவிட வேண்டும். தீனி அப்புறம்தான்.

"பெட்டையா பாத்துப் போடுங்கண்ணா" என்ற கோரிக்கை தவறாமல் வரும். சிறுவிடையில் ஒருநாள் குஞ்சின் வெளித்தோற்றத்தைப் பார்த்து ஆண் பெண் சொல்ல முடியாது. சொல்கிறவர் குத்துமதிப்பாகத்தான் சொல்கிறார். 'பியூர் சிறுவிடை' என்பதும் அப்படித்தான். ஒருமுறை இணைந்த பெட்டையின் உடலில் சேவலின் விந்து இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். பக்கத்து வீட்டுச் சேவல் மதில் தாண்டி வருகிற கொல்லையில், மூன்று வாரமாவது தனியே அடைத்து வைக்காத பெட்டையின் முட்டைக்கு யாரும் அப்பன் பெயர் எழுத முடியாது.

இனி நோய். முட்டை வழியாகவே தாயிடமிருந்து குஞ்சுக்குப் போகும் நோய்கள் உண்டு. புல்லோரம் என்கிற வெள்ளைப்பேதி அதில் முக்கியமானது. அமெரிக்காவில் 1935ல் இதற்காகவே ஒரு தேசியத் திட்டம் தொடங்கி, தாய்க்கோழிகளை ரத்தச் சோதனை செய்து சான்று கொடுக்கிறார்கள். நம் கொல்லைக்காரர் யார் கையிலும் அப்படி ஒரு சான்றை நான் பார்த்ததில்லை. ராணிக்கெட் கழிச்சலுக்கு ஏழாம் நாள் கண்ணில் விடுகிற லசோட்டா சொட்டு மருந்து இருக்கிறது, ஆனால் குப்பி 100 டோஸுக்குக் குறைந்து எளிதில் கிடைக்காது. கரைத்தால் ஓரிரு மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். 20 குஞ்சு வைத்திருப்பவர் 80 டோஸைக் கீழே ஊற்ற மனசில்லாமல் மருந்தே போடுவதில்லை. பல்லடத்துக்காரர் தெருவில் கோழி வைத்திருக்கிற இன்னும் மூன்று வீட்டைச் சேர்த்து, ஒரே நாளில் எல்லார் குஞ்சுக்கும் போடுகிறார். அடையும் எல்லா வீட்டிலும் ஒரே வாரத்தில் வைக்கிறார்கள்.

ஆர்டர் எடுத்துவிட்டோமே என்பதற்காக நோய்க்காலத்தில் அனுப்பவும் கூடாது. தோனி தன் ராஞ்சிப் பண்ணைக்காக 2020 கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவாவில் 2,000 கடக்நாத் கருங்கோழிக் குஞ்சு கேட்டார். 2021 ஜனவரியில் அங்கே பறவைக் காய்ச்சல் வந்து எல்லாம் நின்றது. குஞ்சு கிளம்பியது 2022 ஏப்ரலில். தோனியே ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்திருக்கிறார், நம் வாடிக்கையாளர் ஒரு மாதம் காத்திருக்கலாம்.

கோவில்பட்டித் தம்பி சென்சாரை முட்டை மட்டத்துக்கு இறக்கிவிட்டார், ஆடியில் வந்த டஜனில் பெரும்பகுதி பொரித்தது. இப்போது அவரே முட்டை விற்கலாமா என்று யோசிக்கிறார். வாரம் 30 முட்டை அனுப்ப எத்தனை கோழி வேண்டும் என்று போன வாரம் கேட்டார். ஒரு நாட்டுப் பெட்டை ஒரு ஈட்டுக்கு (இடத் தொடங்கி அடைக்கு உட்காரும்வரையான ஒரு சுற்று) பதினைந்து முட்டை, வருஷத்துக்கு நாலு ஈடு என்று வைத்தால் 60. வாரம் 30 என்றால் வருஷத்துக்கு 1,560. குறைந்தது 26 பெட்டையும் மூன்று சேவலும் வேண்டும், அதுவும் சராசரிக் கணக்குதான். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அதில் பாதிகூட விழாது. அவரிடம் இருப்பது ஐந்து பெட்டை. ஈட்டுக் காலத்தில் வாரம் ஆறேழு முட்டைக்கு மேல் ஆர்டர் எடுக்காதே என்றேன். ஏழு முட்டைக்கு யாரண்ணா பார்சல் செலவு கொடுப்பார்கள் என்றார். கோவில்பட்டியிலேயே வந்து வாங்கிக்கொள்கிறவர்களாகப் பார், அவர்கள் முட்டை குலுங்காது என்று சொல்லியிருக்கிறேன்.